நீல எழுத்தில் ஒரு சொல்

ஜவ்வாது மலைமேல் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே என் கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன் என்று பலகையில் எழுதியிருக்கும். உள்ளே இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், மின்சாரம் போனால் அரை மணி நேரம் தாங்குகிற ஒரு பேட்டரி. நான் பிறந்தது அடிவாரத்தில், சந்தவாசலில். கணவருக்கு மலைமேல் வேலை மாற்றலாகி வந்தபோது கூடவே வந்தேன். சும்மா இருக்க முடியாமல் கடை போட்டேன். சந்தை நாளில் கூட்டம் நெருக்கும். மற்ற நாட்களில் காலை பத்து மணிக்கு மேல் ஈ ஓட்டுவதுதான் வேலை.

அந்த நேரத்தில்தான் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இயங்குகிற தமிழ்த் தகவல் தளம் ஒன்று இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கட்டுரை எழுதுவதற்காக அதைத்தான் அச்செடுக்கக் கேட்பார்கள். கடைப் பெயரிலேயே அதில் ஒரு கணக்குத் தொடங்கினேன். முதலில் சந்தவாசலைப் பற்றி ஆசையாக இரண்டு பக்கம் எழுதினேன். ஆதாரம் இல்லை என்று முக்கால்வாசியை எடுத்துவிட்டார்கள். எனக்கு வீம்பு வந்தது. ஆதாரம் தேவைப்படாத வேலை எது என்று பார்த்து, இணைப்புப் போடுவதில் இறங்கினேன்.

அது எளிய வேலை. ஒரு கட்டுரைக்குள் ‘போளூர்’ என்று ஒரு சொல் வெறுமனே கிடக்கும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு சதுர அடைப்புக்குறி போட்டுச் சேமித்தால் போதும். அந்தப் பெயரில் ஒரு கட்டுரை ஏற்கெனவே இருந்தால் சொல் நீலமாகிவிடும். படிக்கிறவர் அதை அழுத்தினால் போளூர்ப் பக்கம் திறக்கும். கட்டுரை இல்லாவிட்டால் சொல் சிவப்பாகும். நீலம் வந்தால் வேலை முடிந்தது, சிவப்பு வந்தால் எடுத்துவிட வேண்டும் என்று நானாக ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது சொற்களை நீலமாக்குவேன். நான் செய்தவற்றின் எண்ணிக்கை என் பெயருக்கு நேராக ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஓர் இன்பம் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வாரம் மலைக் கிராமங்களின் பக்கங்களைக் கையில் எடுத்தேன். யாரோ எப்போதோ ஒரே அச்சில் வார்த்த மாதிரி எழுதிவைத்த பக்கங்கள். ஒவ்வொன்றிலும் நாலு வரி. இன்ன ஊர் இன்ன மலையில் உள்ளது. இங்கு மலையாளி மக்கள் வாழ்கிறார்கள். சாமையும் புளியும் விளைகின்றன. அருகிலுள்ள நகரம் போளூர். சாமையை நீலமாக்கினேன். புளியை நீலமாக்கினேன். போளூரை நீலமாக்கினேன். மலையாளி என்ற சொல்லையும் நீலமாக்கினேன். ஒரு பக்கத்தில் செய்ததை அப்படியே மற்றப் பக்கங்களிலும் செய்துகொண்டு போனேன். எந்த இணைப்பையும் அழுத்திப் பார்க்கவில்லை.

இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்கிறவர்களுக்குத்தான் மலையாளி என்று பெயர். பேசுவது தமிழ். அரசாங்கப் பட்டியலில் பழங்குடியினர். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். எத்தனையோ சாதிச் சான்றிதழ் விண்ணப்பங்களில் அந்தச் சொல்லை என் விரல்களே தட்டியிருக்கின்றன. ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணி வாக்கில் ஓர் அப்பாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். இருவரையும் எனக்குத் தெரியும். அவர் மலைக்கு அந்தப் பக்கச் சரிவில் சாமை விதைக்கிறவர். நாலைந்து புளியமரம் உண்டு. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். தெற்கே ஒரு நகரத்தில் உள்ள தனியார் செவிலியர் கல்லூரிக்கு நான்தான் அவளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்திருந்தேன். பழங்குடியினருக்கான இடத்தில் அவளுக்குச் சேர்க்கையும் கிடைத்திருந்தது.

“அக்கா, காலேஜிலேர்ந்து மெயில் வந்துகீது. இன்னான்னு புரியல,” என்று போனை நீட்டினாள். “நாலு நாளு முன்னயே வந்துட்டுக்குது. எங்க ஊர்ல டவர் இல்ல. இன்னிக்கிதான் பாத்தேன்.”

கணினியில் திறந்து வாய்விட்டுப் படித்தேன். சான்றிதழில் மலையாளி என்று உள்ளது. பொதுத் தகவல் தளத்தில் தங்கள் ஊரின் பக்கத்தைப் பார்த்ததில், இது கேரளத்தைச் சேர்ந்த மலையாள மொழி பேசும் மக்களைக் குறிப்பதாகத் தெரிகிறது. மேலும், பழங்குடியினர் பட்டியலில் இந்தச் சமூகத்துக்கு நேராகத் திருவண்ணாமலை மாவட்டத்தின் பெயர் காணப்படவில்லை. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் இடம் அடுத்தவருக்கு ஒதுக்கப்படும்.

“புதன்கிழமன்னா?” என்று கேட்டார் அப்பா.

“நாளைக்கி,” என்றாள் மகள்.

தளத்தில் அவர்கள் ஊரின் பக்கத்தைத் திறந்தேன். அதே நாலு வரி. இரண்டாவது வரியில் மலையாளி என்ற சொல் நீலமாக இருந்தது. முதல்முறையாக அதை அழுத்தினேன். கேரளம் வந்தது. கசவுச் சேலை உடுத்திய பெண்களின் படம், படகின் படம், மொழி மலையாளம், வாழும் பகுதி கேரளம் என்று ஒரு நீண்ட கட்டுரை.

ஒவ்வொரு பக்கத்தையும் யார் எப்போது மாற்றினார்கள் என்று காட்ட ஒரு வரலாற்றுப் பக்கம் உண்டு. அதைத் திறந்து பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் திறந்தேன். மேலேயே என் கடைப் பெயர்.

“இன்னாங்க ஆச்சு?” என்றார் அவர். “எங்கள கேரளான்னு எவன் சொன்னது? நாங்க அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்ல.”

அப்போதே சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு. “ஏதோ தப்பா போட்டுட்டிருக்காங்கண்ணா. பதில் எழுதிடலாம். இருக்கிற பேப்பரையெல்லாம் எடுத்துக்கினு நாளைக்கிக் காலைல வந்துடுங்க.”

“போட்டுட்டிருக்காங்க” என்று நான் சொன்னது எனக்கே கேட்டது. அவர்கள் ஜீப் பிடிக்கப் போனார்கள். மகள் ஒருமுறை திரும்பித் திரையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவர்கள் தலை மறைந்ததும் தளத்தின் தேடுபெட்டியில் தேடினேன். இந்த மலை மக்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை இருந்தது. மலையாளி என்ற பெயரோடு அடைப்புக்குள் பழங்குடி என்று சேர்த்த தலைப்பு. யாரோ பொறுப்பாக எழுதியிருந்தார்கள். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு வழி இல்லை. தளத்தின் ஒரு மூலையில் அது பாட்டுக்குக் கிடந்தது. ஒரு நிமிடம் தேடியிருந்தால் எனக்குக் கிடைத்திருக்கும்.

பரபரவென்று மாற்றத் தொடங்கினேன். முதலில் அவர்கள் ஊர், பிறகு பக்கத்து ஊர், அதற்கடுத்தது. கேரளத்துக்குப் போன இணைப்பை வெட்டி, இந்தக் கட்டுரைக்குத் திருப்பினேன். எதற்காக மாற்றினேன் என்று ஒரு வரி எழுத அங்கே கட்டம் உண்டு. அவசரத்தில் ஒன்றிலும் எழுதவில்லை. இருபது ஊர் முடிந்திருக்கும். அடுத்ததைச் சேமிக்கப் போனால் சிவப்புக் கட்டத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. என் கணக்கை ஒரு நாளைக்குத் தடை செய்திருந்தார்கள்.

தளத்தை நெடுநாளாகப் பார்த்துக்கொள்ளும் மூத்த பயனர் ஒருவர், மற்றவர்கள் எனக்குச் செய்தி எழுதுகிற என் பேச்சுப் பக்கத்தில் எழுதியிருந்தார். காரணம் சொல்லாமல் அதிவேகமாகப் பல பக்கங்களில் இனப்பெயரை மாற்றுகிறீர்கள். விஷமமாகத் தெரிகிறது. அனைத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். தடை நீங்கியதும் விளக்கம் தாருங்கள். அவர் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் அந்த மகளின் ஊர்ப் பக்கத்தில் கேரளம் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது. அதை அசைக்க நாளை சாயங்காலம் வரை என்னால் முடியாது.

கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கணவரிடம் சொன்னேன். அவர் ஷர்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, “அதுல உம் பேரு இருக்குதா?” என்றார்.

“கடைப் பேரு.”

“ஊர்ல எத்தினி கடைக்கு அந்தப் பேரு இருக்குது. நீ லெட்டர் எழுதிக் குடு, அதோட வுடு. இன்னாத்துக்கு இழுத்துப் போட்டுக்கினு? அப்பால ஒரு ஆளும் கடைக்கு வர மாட்டான்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடையே அந்த மக்களை நம்பித்தான்.

புதன்கிழமை எட்டரைக்கே அவர்கள் வந்து கடை வாசலில் நின்றிருந்தார்கள். அவர் கையில் ஒரு மஞ்சள் பை. அதில்தான் வீட்டுப் பத்திரங்கள் அத்தனையும். மகளைப் பக்கத்துக் கணினி முன்னால் உட்காரச் சொன்னேன். அவர் டீ குடிக்கப் போனார். கல்லூரி அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கும். பத்தடித்து ஐந்து நிமிடத்தில் போன் போட்டேன். சேர்க்கைப் பிரிவு எழுத்தர் எடுத்தார். தெற்கத்திப் பேச்சு. பொறுமையான ஆள்தான்.

“பாத்தேம்மா. இன்னைக்குக் காலையிலயும் ஒருக்கா பாத்தேன். கேரளம்னுதான் போட்டிருக்கு,” என்றார்.

“அது தப்பு சார். நேத்து நான் மாத்தினேன். இன்னொருத்தர் அதைப் பழையபடி ஆக்கிட்டாரு.”

“நீங்க மாத்துனீங்களா? அப்போ யாரு வேணும்னாலும் மாத்தலாமா அதுல?”

“ஆமா சார்.”

“பாத்தீங்களா. அந்தப் பிள்ளைக்காக நீங்க மாத்திப்புட்டு, இப்பப் பாருங்க சரியா இருக்குன்னா, நான் அத எப்படி நம்ப?”

“அப்ப மொதல்ல இருந்ததை மட்டும் எப்டி சார் நம்பினீங்க?”

கோபித்துக்கொண்டு வைத்துவிடுவாரோ என்று பயம் வந்தது. நான் கேட்டிருக்கக் கூடாது. அந்தக் கேள்வியைக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“மொதல்ல தப்பா போட்டதும் நான்தான் சார்,” என்றேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். “பாக்காம போட்டுட்டேன். அந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

அவர் கோப்பைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. “அத எழுத்துல குடுப்பீங்களா? உங்க பேரு, முகவரி, கையெழுத்து, கடை முத்திரையோட. அந்தப் பக்கத்துல நீங்க எப்பப் போட்டீங்கன்னு காட்டுதே, அதையும் அச்செடுத்து வைங்க. அதோட மாவட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. பட்டியல்ல வட ஆற்காடுன்னு இருக்கு. பிள்ளை திருவண்ணாமலை. அதுக்கும் ஏதாவது வேணும். அஞ்சு மணிக்குக் கோப்பு முதல்வர் மேசைக்குப் போயிரும். அதுக்குப் பெறகு என் கையில இல்ல.”

சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். திரும்பிப் பார்த்தேன். மகள் தன் முன்னால் இருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அணைந்திருந்தது. மின்சாரம் போயிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

பேட்டரியில் என் கணினி ஓடிக்கொண்டிருந்தது. கடிதத்தைத் தட்டத் தொடங்கினேன். நாலு வரி போவதற்குள் இணைய இணைப்பு அறுந்தது. பிறகு போனிலும் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து ஒன்றும் இல்லாமல் போயிற்று. மழைக்காலத்தில் மலைமேல் இது சகஜம். சில நாள் அரை மணியில் வரும். சில நாள் மறுநாள்தான் வரும். பதினொன்று ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. அப்பா டீக்கடையிலிருந்து இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“கீழ போய்டலாம்ணா,” என்றேன். “போளூர்ல லைன் இருக்கும்.”

“நீங்களும் வர்றீங்களா?”

“நான் வராம முடியாதுண்ணா.”

அவருக்கு அது புரியவில்லை. நன்றியோடு தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. ரப்பர் முத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடையைச் சாத்தினேன்.

பன்னிரண்டு மணிப் பேருந்து பன்னிரண்டரைக்கு வந்தது. முன்னால் ஓர் இருக்கை காலியாக இருந்ததில் அவர் உட்கார்ந்தார். மூன்று வரிசை தள்ளி நானும் மகளும். ஜன்னல் ஷட்டர் இறங்காமல் சாரல் உள்ளே அடித்தது. வளைவுகள் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். முதல் வளைவு போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

“ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா,” என்றேன்.

“காலைலயே கேட்டுச்சுக்கா,” என்றாள்.

பேருந்து வளைவில் முனகித் திரும்பியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன் ஒண்ணியும் சொல்லல நீ?”

“நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே பாறைமேல் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

“எங்க ஊரப் பத்தி எழுதுனதும் நீங்கதானா?”

“இல்ல. அது வேற யாரோ. எழுதியிருக்கிறது தப்பும் இல்ல. அந்த வார்த்தைய அழுத்தினா போற எடம்தான் தப்பு. அந்த வழிய நான் போட்டேன்.”

“நீங்க அழுத்திப் பாக்கலையா?”

“இல்ல.”

“ஒரு தபாகூட?”

“இல்லம்மா.”

அவள் எழுந்தாள். கம்பிகளைப் பிடித்தபடி தள்ளாடி முன்னால் போய், தன் அப்பா இருக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். உட்கார இடம் இல்லை. இருந்தும் திரும்பி வரவில்லை. அடிவாரம் வரைக்கும் நின்றபடியேதான் வந்தாள். குனிந்து அவரிடம் ஏதோ பேசுவது தெரிந்தது. இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் போல நீண்ட நேரத்தை நான் அனுபவித்ததில்லை. அவர் திரும்பித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போளூரில் இறங்கியபோது மணி இரண்டே கால். மழை இல்லை. வெயில் அடித்தது. அவர் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“அந்தக் கடுதாசிய உங்க பேருலயே எழுதுங்க,” என்றார். “எங்க பேருல எழுதினா மறுபடியும் நம்ப மாட்டாங்க.”

அவ்வளவுதான் சொன்னார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது.

பேருந்து நிலையத்தை ஒட்டிய கணினி மையத்தில் எங்களுக்கு முன்னால் ஐந்தாறு பேர் இருந்தார்கள். என் தொழிலையே செய்கிற கடைக்காரரிடம் நான் கெஞ்ச வேண்டியிருந்தது. ஒரு கணினியை ஒதுக்கிக் கொடுத்தார். கடிதத்தைத் தட்டினேன். இந்தத் தளத்தில் இன்ன பெயரில் கணக்கு வைத்திருப்பது நான். இன்ன ஊரின் பக்கத்தில் மலையாளி என்ற சொல்லிலிருந்து கேரள மக்களைப் பற்றிய கட்டுரைக்கு இணைப்புக் கொடுத்தது நான். அது என் கவனக்குறைவு. ‘கவனக்குறைவு’ என்று தட்டியபோது மகள் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினேன். வரலாற்றுப் பக்கத்தை அச்செடுத்து, என் கடைப் பெயர் உள்ள வரியின் கீழே பேனாவால் கோடு போட்டேன். தனியாகக் கிடந்த அந்தக் கட்டுரையையும் அச்செடுத்தேன். அரசுப் பட்டியலில் அந்தச் சமூகத்தின் பெயர் வரும் பக்கமும் கிடைத்தது. அதற்கு நேராக வந்த மாவட்டங்களில் வட ஆற்காடுதான் இருந்தது, திருவண்ணாமலை இல்லை.

அங்கேதான் சிக்கியது. வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை மாவட்டம் பிரிந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்த ஊர் அந்தப் பழைய மாவட்டத்தில்தான் இருந்தது என்று ஒரு தாளில் இருக்க வேண்டுமே. மணி மூன்று நாற்பது.

“வட ஆற்காடா?” என்றார் அவர். “அப்ப எல்லாம் அப்டித்தான போடுவாங்க. எதுக்கா இருந்தாலும் வேலூருக்குத்தான் போவணும்.” சொல்லிவிட்டு, சட்டென்று நிறுத்தினார். மஞ்சள் பையைப் பெஞ்சில் கவிழ்த்தார். பட்டா நகல், ரேஷன் அட்டை, தடுப்பூசி அட்டை, கசங்கிய ரசீதுகள். எல்லாவற்றுக்கும் அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த ஒரு பழுப்புத் தாள். அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டபோது கொடுத்த மாற்றுச் சான்றிதழ். மடிப்புகளில் கிழிந்திருந்தது. மகள் அதைப் பிரித்து மேசைமேல் வைத்து இரண்டு கைகளாலும் நீவினாள். ஊர்ப் பெயர் இருந்தது. சாதி மலையாளி என்று மையில் எழுதியிருந்தது. மாவட்டம் வட ஆற்காடு.

“அஞ்சாவது வரிக்கும் படிச்சதுக்கு இது ஒண்ணுதான் இருக்குது,” என்றார் அவர்.

ஸ்கேன் செய்யும்போது தாள் கிழிந்துவிடுமோ என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கிழியவில்லை. நாலு மணி பத்து நிமிடத்துக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். அனுப்பியதும் எழுத்தருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. நாலரைக்கு மகள் தன் போனிலிருந்து செய்தாள். எடுக்கவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தாள். அவள் அழுதால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அழவில்லை. எண்ணை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே இருந்தாள்.

நாலே முக்காலுக்கு எழுத்தர் எடுத்தார். சாப்பிட நேரமில்லாமல் இப்போதுதான் போய்வந்ததாகச் சொன்னார். மகள் போனை என்னிடம் தரவில்லை. அவளே பேசினாள்.

“வந்துச்சுங்களா சார்? . . . ஆமா சார், எங்கப்பாவோடதுதான் . . . அஞ்சாவது . . . சரிங்க சார் . . . சரிங்க.”

வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். “கோப்புல சேத்துட்டாராம். முதல்வர்தான் சொல்லணுமாம்.”

நாங்கள் கடைசி மலைப் பேருந்தில் திரும்பினோம். இந்த முறை மூன்று பேருமே தனித்தனியாக உட்கார்ந்தோம்.

வியாழன் போயிற்று. பதில் இல்லை. என் கணக்கின் தடை நீங்கியிருந்தது. பேச்சுப் பக்கத்தில், என்னைத் தடை செய்த அந்த மூத்த பயனருக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன். வெள்ளிக்கிழமை மதியம், விண்ணப்பத்துக்காக நான் தொடங்கிக் கொடுத்திருந்த மகளின் மின்னஞ்சலை என் கடையிலிருந்து திறந்தபோது கல்லூரியின் பதில் வந்திருந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது. திங்கட்கிழமைக்குள் நேரில் வந்து சேர வேண்டும். அவள் அப்போது கடையில் இல்லை. அவர்கள் ஊரில் டவரும் இல்லை. அச்செடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் போகும் பால் வண்டியில் ஏறி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் களத்தில் நின்றிருந்தார். படித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். தண்ணீர் கொடுத்தார். மகள் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

அந்த மூத்த பயனர் நீளமாகப் பதில் எழுதியிருந்தார். வருத்தம் தெரிவித்தார். காரணம் எழுதாமல் மாற்றினால் இப்படித்தான் ஆகும் என்றும் சொன்னார். இரண்டும் சரிதான். பிறகு அந்தச் சொல்லை என்ன செய்வது என்று தளத்தில் ஒரு வாதமே நடந்தது. வெறும் மலையாளி என்று அழுத்தினால், எந்த மலையாளி என்று கேட்டு இரண்டு கட்டுரைக்கும் வழி காட்டுகிற ஒரு பக்கம் வர வேண்டும் என்று நான் கேட்டேன். கேரளத்தைத் தேடி வருகிறவர்கள்தான் அதிகம், அவர்களை ஏன் சுற்றவிட வேண்டும் என்றார்கள் சிலர். மூன்று வாரம் இழுத்து, கடைசியில் வழி பிரியும் பக்கத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். கிராமப் பக்கங்களை ஒவ்வொன்றாக நானே திருத்தினேன். ஒவ்வொன்றையும் சேமித்த பிறகு அழுத்தி, எங்கே போகிறது என்று பார்த்து, திரும்பி வந்து, அடுத்ததற்குப் போனேன். பத்து நாள் ஆயிற்று.

இரண்டு மாதம் கழித்து அந்த எழுத்தர் என் எண்ணுக்குப் போன் செய்தார்.

“கொல்லிமலையிலருந்து ஒரு பிள்ளை விண்ணப்பம் போட்டிருக்கும்மா. பட்டியல்ல சேலம்னு இருக்கு. இது நாமக்கல்னு எழுதியிருக்கு. இதுவும் உங்க கதைதானா?”

“ஆமா சார். அங்கயும் அப்டித்தான் பிரிஞ்சது.”

“சரி. எதுக்கும் கேட்டுக்கிடுவோம்னுதான்,” என்று சொல்லி வைத்தார்.

பொங்கல் விடுமுறைக்கு அவள் வந்தாள். தலையை வேறு மாதிரி வாரியிருந்தாள். விடுதிப் படிவம் ஒன்றை அச்செடுக்க வேண்டும் என்றாள். பிரிண்டர் சூடாகிற வரைக்கும் நின்றவள், “எங்க ஊரு பக்கத்தத் தெறங்கக்கா,” என்றாள்.

திறந்தேன். அவள் மௌஸை என் கையிலிருந்து வாங்கி, நீலச் சொற்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். சாமை. புளி. போளூர். மலையாளி. கடைசியாகத் திறந்த, தங்கள் மக்களைப் பற்றிய கட்டுரையை நின்றபடியே முழுக்கப் படித்தாள்.

“சாமை மட்டும்தான் போட்டிருக்குது. நாங்க கேவுரும் வெக்கிறோம்,” என்றாள்.

“சேத்துடட்டுமா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “இருக்கட்டும்க்கா. இப்போதிக்கி யாரும் கை வெக்க வேணாம்.”

படிவத்தை எடுத்துக்கொண்டு, சில்லறையை மேசைமேல் வைத்துவிட்டு, பேருந்துக்கு ஓடினாள்.